மூச்சுப் பெரட்டு

இன்று காலை அந்தத் தைல வாசனை மறுபடியும் மூக்கில் ஏறியது. தலைவலிக்கு நாம் தேய்த்துக்கொள்கிற அதே யூக்கலிப்டஸ் தைலம்தான், ஏரிக்கரைக் கடைகளில் பாட்டில் பாட்டிலாக அடுக்கி வைத்திருப்பார்களே, அதேதான். அதைத் தண்ணீரில் கலந்து ஒரு குப்பியில் ஊற்றி, மூச்சு மாஸ்டர் மண்டபத்தின் மூலைக்கு மூலை பீச்சினார். "இயற்கையை உள்ளே இழுங்கள்" என்றார். இயற்கை ஜன்னலுக்கு வெளியே சும்மாதான் கிடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் அதுவே வந்துவிடும். ஆனால் கொடைக்கானல் குளிர் மாஸ்டருக்கு ஆகாதாம், சளி பிடிக்குமாம். அதனால் ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டுத்தான் இந்த வைபவம் நடக்கும் என்பது உனக்குத் தெரியாததா!

முன்சுவரில் உன் படம் மாட்டியிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு எல்லோரும் சேர்ந்து எடுத்த படத்திலிருந்து உன்னை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். வெட்டினவனுக்கு அதைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை. என் தோளில் பாதி இன்னும் உன்மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே தங்க எழுத்தில் 'அமைதியின் முகம்' என்று போட்டிருந்தார்கள். நீ இருந்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய். நான் சிரிக்கவில்லை, எனக்கு வயிறு எரிந்தது.

உன் பேரைச் சொல்லி, உன் பக்கத்து நாற்காலியைத் தூக்கப் பார்த்தார்களடி. நீ கேட்டு வாங்கின நாற்காலி அது. இன்றைக்கு அது என்ன ஆனது என்பதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? துணி அறையில் இஸ்திரி போட்ட விரிப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். கதவைச் சாத்திவிட்டேன். மேல்மாடி அறைக்குப் போர்வை கேட்டு ஒருவன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறான். குளிர் பார்க்கத்தானே மலை ஏறி வந்தான், கொஞ்ச நேரம் பார்க்கட்டும்.

இந்த ஓட்டலில் நான் அறைகளுக்குப் பொறுப்பு, நீ வரவேற்பு மேசைக்கு. எனக்கு அழுக்குத் துணி, உனக்கு அழுக்கு வாய். எது மோசம் என்று நாம் எத்தனையோ தடவை வாதம் செய்திருக்கிறோம். ஒரு தடவைகூட நான் ஜெயித்ததில்லை. அழுக்குத் துணியை ஊறப்போட்டால் வெளுத்துவிடும், அந்த வாய்களை எதில் ஊறப்போடுவது!

நீ பழனி அடிவாரத்துக்காரி. பஞ்சாமிர்தக் கடையில் பிறந்து, தைப்பூசக் கூட்டத்துக்கு நடுவே டப்பா எடுத்துக் கொடுத்து வளர்ந்தவள். கூட்டம் உனக்குப் புதிதில்லை. ஆனால் இங்கே வந்த முதல் சீசனிலேயே சொன்னாய்: "அங்க வர்றவன் சாமியப் பாத்து நடுங்கிக்கிட்டு நிப்பான்டி. இங்க வர்றவன் ரூம் போட்டதுமே தாந்தான் சாமின்னு நெனச்சிடுறான்." அது நூற்றுக்கு நூறு உண்மை. வெந்நீர் வரவில்லை என்று கத்துவான். வந்தால் சுடுகிறது என்று கத்துவான். ஒரு மகானுபாவன், தூண் பாறைக்குப் போனேன், மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை, இதை ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்று உன் மேசையைத் தட்டினானே, ஞாபகம் இருக்கிறதா? மூடுபனியைக் கூப்பிட்டு விலகி நிற்கச் சொல்ல வேண்டிய பொறுப்பும் உனக்குத்தான் போலிருக்கிறது. அவன் பெண்டாட்டி பக்கத்தில் நின்று தலையாட்டினாள். நல்ல ஜோடி.

உன்னிடம் ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. உனக்குக் கோபம் வந்தால் அழுகை வந்துவிடும். வார்த்தை தொண்டையில் நின்றுகொள்ளும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும், குரல் நடுங்கும். எதிரே நிற்கிறவனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? "அட, அழுதுட்டாங்கப்பா" என்று இளித்துக்கொண்டு போவான். நியாயம் உன் பக்கம் இருக்கும், வெற்றி அவன் பக்கம் போகும். எனக்கு அப்படி இல்லை. எனக்குக் கோபம் வந்தால் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். அதனால் பெரிதாக ஒன்றும் சாதித்துவிடவில்லை என்பது வேறு விஷயம். "வாய்க்காரி கத்துறா, கத்தி முடிச்சிட்டு வருவா" என்று அவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஒரு மே மாதம் மேசையருகே மயங்கி விழுந்தாய். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஒன்றுமில்லை, சாப்பிடாமல் கொள்ளாமல் நிற்கிறார்கள், மனசில் அழுத்தம் வேறு என்றார் டாக்டர். அங்கே இருந்த நர்சம்மா ஊசியைக் குத்திக்கொண்டே உனக்கு ஒரு வேலை சொல்லிக் கொடுத்தார். "மூக்கால மெதுவா இழுங்க. வாயக் குவிச்சு இன்னும் மெதுவா விடுங்க. இழுக்கிறத விட விடுறது நீளமா இருக்கட்டும். இதுக்குன்னு பாய விரிச்சு உக்காரணும்னு இல்ல. போன் அடிக்கையில, கதவு தொறக்கையில, அப்பப்ப கொஞ்சம் செஞ்சுக்கங்க." அவ்வளவுதான் வைத்தியம். வெளியே வந்ததும் நான் கேட்டேன், "ஏன்டி, இத்தன வருசமா நீ மூச்சே விடலையா? இவங்க சொல்லித்தான் தெரிஞ்சுதா?" நீ பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே வாயைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தாய். அன்றைக்கே உனக்கு ஊதாங்குழல் என்று பேர் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பார்க்கணுமே உன் கூத்தை! போன் மணி அடிக்கும், நீ உடனே எடுக்கமாட்டாய், ஒரு இழுப்பு இழுத்து விட்டுத்தான் எடுப்பாய். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும் வரை ஊதுவாய். எவனாவது எதிரே நின்று கத்த ஆரம்பித்தால், "ஒரு நிமிசம் சார், சாவி பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுச் சாவிப் பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வாய். மரக்கட்டை கோத்த பழைய சாவிகள் வரிசையாகத் தொங்கும் அந்தப் பலகை. வலது கையை அதன்கீழ் உள்ள கல்மேடையில் அகலமாகப் பதித்து வைப்பாய். முதுகு மெதுவாக ஏறும், அதைவிட மெதுவாக இறங்கும். அவன் நீ சாவி தேடுகிறாய் என்று நினைத்துக்கொள்வான். அவனுடைய சாவி அவன் கையிலேயே இருக்கும், முட்டாளுக்கு அதுகூடத் தோன்றாது. ஓட்டலில் வேலை செய்கிற எங்கள் எல்லோருக்கும் தெரியும், 'அக்கா சாவி தேடுது' என்றால் என்ன அர்த்தம் என்று.

நான் விடுவேனா? துணிக்கூடையோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "என்ன, இன்னும் சாவி கெடைக்கலையா?" என்பேன்.

"சோலியப் பாத்துட்டுப் போடி. வெளிய விட்டுட்டு வர்றேன்" என்பாய்.

"காத்த வெளிய விட்டா அந்தாளு வாய மூடிருவானா?"

"அவன் வாய் அவன்கிட்ட இருக்கட்டும். என் வாய் என்கிட்ட இருக்கணும்ல."

அப்போது எனக்கு அது வெறும் சப்பைக்கட்டாகத்தான் பட்டது. இப்போதும் சொல்கிறேன், ஊதியதால் ஊரில் ஒரு முட்டாளும் குறையவில்லை.

அந்த வருடம்தான் உன்னோடு வரவேற்பில் இருந்தவர் வேலையை விட்டுப் போனார். உன் பக்கத்து நாற்காலி காலியாயிற்று. இன்றைக்கு ஆள் போடுகிறேன், நாளைக்கு ஆள் போடுகிறேன் என்று மேனேஜர் இழுத்தடித்தார். போனும் நீ, சாவியும் நீ, சண்டையும் நீ. உட்கார்ந்து சாப்பிட முடியாது. பாத்ரூம் போக வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டுப் போவாய். வாரத்தில் ஒரு நாள் பழனிக்குப் போய் உன் அம்மாவைப் பார்ப்பாயே, அதுவும் நின்றது. காலி நாற்காலியில் யாரோ பூந்தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். நம்ம தொரைக்கு, அதுதான் மேனேஜருக்கு, அது மிகவும் பிடித்துப்போயிற்று. தோட்டத்து முதலாளிகளை எங்கள் அப்பா அப்படித்தான் சொல்வார். இந்த ஆளுக்கு அந்தப் பேரை நான் வைத்ததில் என்ன தப்பு?

தொரை உன்னைக் கவனித்தார். ஆள் இல்லாமலே வேலை நடக்கிறது, நீ கத்துவதில்லை, முன்போல் அழுவதுமில்லை, திரும்பி நின்று ஏதோ ஊதுகிறாய், மறுபடி சிரித்த முகத்தோடு திரும்புகிறாய். அடடா, இது நல்ல மருந்தாக இருக்கிறதே என்று தோன்றிவிட்டது. ஆளைப் போடுவதற்குப் பதில் எல்லோரையும் ஊத வைத்துவிட்டால் ஓட்டல் முழுக்கவே பாதி ஆளோடு ஓட்டலாமே! பெங்களூரிலிருந்து மாஸ்டர் வந்து இறங்கினார். தலையில் குடுமி, காலில் சாக்ஸ், பேச்சில் தேன். 'ஸ்ட்ரெஸ் என்பது ஒரு மேகம், நீங்கள் வானம்' என்றார். நான் வானமாக இருந்தால் அந்த ஆள் தலையில் அன்றைக்கே ஆலங்கட்டி விழுந்திருக்கும்.

முதல் நாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அறை கூட்டும் பெண்கள் பாதிப்பேர் எங்கள் சனம். அம்மா அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து இந்த மலையில் கூலி வேலைக்கு அமர்ந்தவர்கள். அங்கே விடிவதற்கு முன்னால் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களாம். அதற்குப் பெரட்டு என்று பேர். அந்தப் பெரட்டைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளுக்குக்கூட அது வீட்டுப் பேச்சிலேயே ஊறிப்போன சங்கதி. மாஸ்டர் 'எல்லோரும் வாருங்கள்' என்று கூப்பிட்டதுதான் தாமதம், எங்கள் பெண்கள் சுவரோரம் நேர் வரிசையாக, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றுவிட்டார்கள். மாஸ்டர் பேரைக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொருத்தியும் பேரைச் சொல்லி 'ஆமாங்க' என்றாள். மூத்தவள் பேச்சியம்மாக்கா கடைசியில் கேட்டார், "சரிங்க, இன்னிக்கு எங்களுக்கு என்னா வேலைங்க?"

"மூச்சு விடுவதுதான் வேலை" என்றார் மாஸ்டர், முகமெல்லாம் மலர்ச்சியாக. அவர்கள் காட்டிய ஒழுங்கைப் பக்தி என்று நினைத்துவிட்டார், பாவம்.

"அப்ப பெரட்டு முடிஞ்சிச்சா, நாங்க போகலாமுங்களா?" என்றார் பேச்சியம்மாக்கா.

அன்றிலிருந்து அது எங்களுக்கு மூச்சுப் பெரட்டு ஆகிவிட்டது. பேர் வைத்தது நான் இல்லை, அந்த வரிசைதான். ஆனால் பேருக்கு ஏற்றபடியே தொரை அதை நடத்தினார். வேலை நேரத்தில் இல்லை, வேலைக்கு முன்னால் வெள்ளனே வந்து நிற்க வேண்டும். வராதவர்கள் பேரைக் குறித்துக்கொண்டார். நிம்மதியாக மூச்சு விடுவதற்காகக் குழந்தைக்குச் சோறு ஊட்டாமல் ஓடிவந்தவர்கள் எத்தனை பேர்! பஸ்ஸைத் தவறவிட்டுப் பதறிக்கொண்டு ஏறி வந்தவளைப் பார்த்து, 'பதற்றத்தைக் கைவிடுங்கள்' என்றார் மாஸ்டர்.

நீ மட்டும் அந்த மண்டபத்தில் நிஜமாகவே கண்ணை மூடி மூச்சு விட்டாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. துணி அறைக்குக் கூட்டிவந்து உன்னைக் கிழி கிழி என்று கிழித்தேன். "உனக்கு வெக்கமா இல்லையாடி? உன்னைக் காட்டித்தான அந்தாளு ஆள் போட மாட்டேங்கிறான். உன் மூச்ச வச்சே உனக்குக் குழி தோண்டுறான், நீ கண்ண மூடிக்கிட்டு நல்ல புள்ளையாட்டம் உக்காந்திருக்க."

நீ விரிப்பை மடித்துக்கொண்டே சொன்னாய்: "அந்தாளு இத வச்சுக் கட போட்டுட்டாருங்கறதுக்காக நான் மூச்சு விடாம இருக்கணுமா? இது எனக்கு ஆஸ்பத்திரியில குடுத்தது. அவரு குடுத்தது இல்ல."

"அப்பறம் என்ன மயித்துக்கு ஊதுற? நாற்காலி காலியாத்தான கெடக்கு?"

"இருடி. எனக்கு இன்னும் கொரல் நடுங்குது" என்றாய்.

அவ்வளவுதான் சொன்னாய். எனக்கு அது புரியவில்லை. புரிந்துகொள்கிற மாதிரி நீயும் பேசவில்லை. தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டேன்.

புரிந்தது முதலாளி வந்த அன்றைக்கு. மதுரையிலிருந்து வந்தவரைத் தொரை பெருமையாக மண்டபத்துக்குக் கூட்டிவந்து நாற்காலி போட்டு உட்காரவைத்தார். மூச்சு விட்டு முடிந்ததும் மாஸ்டர், எதை வெளியே விட்டீர்கள் என்று ஒவ்வொருவரும் சொல்லுங்கள் என்றார். கவலையை விட்டேன் என்றாள் ஒருத்தி. கோபத்தை விட்டேன் என்றார் சமையல்காரர், அன்றைக்கு மத்தியானமே கரண்டியைத் தூக்கி எறிந்தவர். உன் முறை வந்தது. நீ எழுந்தாய். பக்கத்தில் இருந்த மேசைமேல் கையை அகலமாகப் பதித்தாய். ஒரு மூச்சு இழுத்து, நீளமாக விட்டாய்.

"சார், நான் ஒண்ணையும் வெளிய விடல. சொல்றதுக்கு வச்சிருக்கேன். ரிசப்சன்ல ரெண்டு பேர் பாத்த வேலைய நான் ஒருத்தி பாக்குறேன். உக்காந்து சாப்பிட முடியல. பாத்ரூம் போறதுன்னா ஆளக் கூப்பிட்டு நிறுத்திட்டுப் போறேன். எங்கம்மாவப் பாத்து மாசக்கணக்காச்சு. என்னால முடியல சார். மூச்சு நான் விட்டுக்கிறேன். ஆள நீங்க போடுங்க."

குரல் நடுங்கவில்லையடி! கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. அழுதிருந்தால் தொரை தோளைத் தட்டி அனுப்பியிருப்பார். கத்தியிருந்தால் வெளியே போகச் சொல்லியிருப்பார். நீ கடைக்காரனிடம் அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்பது போலக் கேட்டாய், அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. முதலாளி அவர் பக்கம் திரும்பி, "இவ்வளவு நாளா ஒரு ஆள்தானா?" என்றார். தொரையின் மூச்சு அன்றைக்குத்தான் உண்மையாகவே மாறியது.

நீ நேராகச் சாவிப் பலகைக்குப் போய் நின்றாய். நான் பின்னாலேயே ஓடி வந்தேன். முதுகு ஏறி இறங்கவில்லை, குலுங்கியது. பேசி முடித்த பிறகு அழுதுகொண்டிருந்தாய். "இப்ப அழுதா என்னடி" என்றாய் என்னிடம். அடுத்த மாதமே பூந்தொட்டியை எடுத்துவிட்டார்கள். பண்ணைக்காட்டிலிருந்து செல்வி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். புருசன் விட்டுவிட்டுப் போனவள், பள்ளிக்கூடம் போகிற மகளை வைத்துக்கொண்டு தவித்தவள். அவளுக்கு அது வெறும் நாற்காலி இல்லை. நீ வாரம் ஒருமுறை பழனி பஸ் ஏற ஆரம்பித்தாய். அப்போதும் ஊதுவதை நிறுத்தவில்லை, நானும் ஊதாங்குழல் என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

போன மார்கழியில் உறைபனி விழுந்த வாரம் உனக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகி, மலை இறக்கித் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டிருந்தார்கள். நான் பக்கத்தில் நின்று டாக்டரை, நர்சை, லிப்டை, பனியை, எல்லாவற்றையும் திட்டிக்கொண்டிருந்தேன். நீ பேச முடியாமல் வலது கையைக் கட்டில் விரிப்பின்மேல் அகலமாகப் பதித்துக் காட்டினாய். கொஞ்சம் அடங்குடி என்று அர்த்தம். அடங்கினேன். அதுதான் நீ எனக்குக் கடைசியாகச் சொன்னது.

எடுக்கிற அன்றைக்கு உன் சொந்தக்காரர் ஒருவர், வெற்றிலையை மென்றுகொண்டே, "மூச்சுப் பயிற்சியெல்லாம் பண்ணுச்சே இந்தப் புள்ள, கடைசில மூச்சுதான கைவிட்டுருச்சு" என்று பெரிய ஞானி மாதிரிச் சொன்னார். "நீங்க தெனமும் வாயாலதான பேசுறீங்க, அறிவா பேசுறீங்க?" என்று கேட்டுவிட்டேன். நீ இருந்திருந்தால் கையைப் பதித்துக் காட்டியிருப்பாய். நல்லவேளை, இல்லை. இல்லை, நல்லவேளை இல்லை. என்ன எழுதுகிறேன் என்றே தெரியவில்லை. எனக்கு நீ இல்லாமல் ஒரு மண்ணும் பிடிக்கவில்லையடி.

சரி, இன்று காலைக்கு வருகிறேன். ஒரு வாரமாகவே காதில் விழுந்துகொண்டிருந்தது, செல்வியை நிறுத்தப் போகிறார்கள் என்று. உன் இடத்தில் அவளை வைத்து, உன் பக்கத்து நாற்காலிக்கு வேறு ஆளை எடுக்கவேண்டியதுதானே நியாயம்? இல்லையாம். தொரைக்குத் தெரிந்தவர் வீட்டுப் பையன் ஒருவனை உன் இடத்தில் வைத்துவிட்டு, இரண்டாவது நாற்காலியையே எடுத்துவிடுவதாம். அதை அப்படியே சொன்னால் அசிங்கமாக இருக்கும் அல்லவா? அதற்குத்தான் உன் படம், தங்க எழுத்து, தைலம், முதலாளி வருகை, எல்லாம். தொரை என்னையும் கூப்பிட்டு, "நீங்க அவங்க குளோஸ் பிரண்ட், ரெண்டு வார்த்தை பேசுங்க மேடம். கொஞ்சம் பாசிட்டிவா" என்றார்.

முதலில் அவரே பேசினார். உன் புன்னகை, உன் பொறுமை, உன் மூச்சு. "எத்தனை கூட்டம் வந்தாலும் தனி ஆளாக நின்று, ஒரு புகார் சொல்லாமல், மூச்சின் பலத்தாலேயே எல்லாவற்றையும் சமாளித்தார். அவருக்கு மரியாதையாக, இனி நம் ரிசப்சன் அவர் வழியில் இயங்கும். ஒரே ஆள், முழு அமைதி!" என்றார். கை தட்டல் வேறு. செல்வி கை தட்டவில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு புகார் சொல்லாமலாம்! எனக்கு உள்ளங்காலிலிருந்து ஏறியது. வாய் வரைக்கும் வந்துவிட்டது, கெட்ட வார்த்தை உட்பட. முன்னால் போய் நின்றதும் தொரையின் முகத்தைப் பார்த்தேன். அவர் தயாராக இருந்தார். நான் கத்துவேன் என்று தெரிந்தே, 'பாவம், தோழி போன துக்கம்' என்று சொல்வதற்கு ஒரு இரக்கமான சிரிப்பை முகத்தில் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார். நான் கத்தினால் செல்வியின் நாற்காலி அப்போதே போச்சு.

நான் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். உன் படத்து மாலையைச் சரிசெய்வது போலக் கையை உயர்த்தினேன். இன்னொரு கையைப் படத்தின்கீழ் இருந்த மேசையில் பதித்தேன். மூக்கால் இழுத்தேன். அந்தக் கருமம் பிடித்த தைல நாற்றம்தான் உள்ளே போனது, இருந்தாலும் இழுத்தேன். இழுத்ததைவிட மெதுவாக விட்டேன். மறுபடியும் ஒருமுறை. பின்னால் வரிசையில் பேச்சியம்மாக்கா தொண்டையைச் செருமுவது கேட்டது. பிறகு, "அக்கா சாவி தேடுது" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். வரிசை முழுக்க அசைவற்று நின்றது. அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பினேன். நான் பேசியது இதுதான், ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை: "சார், இவ தனியா சமாளிக்கல. தனியா முடியலன்னு இதே மண்டபத்துல, இதே முதலாளி முன்னால, வாய் தொறந்து சொன்னவ. சத்தம் போடாம சொன்னா, அதனால மேனேஜருக்கு மறந்துபோச்சு. மூச்சு நான் விட்டுக்கிறேன், ஆள நீங்க போடுங்கன்னா. அவ மூச்சு விட்டது அந்த நாற்காலி இல்லாம இருக்கப் பழகுறதுக்கு இல்ல சார். அந்த நாற்காலியக் கேக்குறதுக்கு. அவ ஞாபகமா எதையாவது வைக்கணும்னா இந்தப் படத்த எறக்கிட்டு, அந்த நாற்காலிய அங்கேயே வைங்க. செல்வி அதுல உக்காரட்டும்."

தொரையின் முகத்தில் இருந்த இரக்கச் சிரிப்புக்குப் போக இடம் தெரியவில்லை. அங்கேயே நின்று செத்தது.

"ஆமாங்க" என்றார் பேச்சியம்மாக்கா, பெரட்டில் பேர் கூப்பிட்டதும் சொல்கிற அதே குரலில். அடுத்தவள் "ஆமாங்க" என்றாள். வரிசை முழுக்க ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். சமையல்காரரும் சொன்னார். மாஸ்டர் இது பயிற்சியில் எந்தக் கட்டம் என்று தெரியாமல் கண்ணைத் திறந்து திறந்து மூடினார்.

முதலாளி உன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஞாபகம் இருக்கு" என்றார். பிறகு தொரையிடம், "ரெண்டாவது நாற்காலியைத் தூக்குறது யாரோட ஏற்பாடு?" என்று கேட்டார்.

"ஒரு சஜஷன்தான் சார்."

"சஜஷனாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அடுத்த வருடம் தொரை வேறொரு படத்தை மாட்டிக்கொண்டு வருவார், தெரியும். இன்றைக்கு செல்வி நாற்காலியில் இருக்கிறாள். அது போதும்.

கூட்டம் கலைந்த பிறகு தொரை என்னிடம் வந்தார். எப்பேர்ப்பட்ட பிறவி என்று பார்! வெட்கம் என்று ஒன்று இருந்தால் அது இன்றைக்கு லீவு போட்டிருக்க வேண்டும். "பாத்தீங்களா மேடம், நீங்களே எவ்ளோ காமா பேசுனீங்க. எல்லாம் டிரெய்னிங்தான்" என்றார்.

நான் நேராக வரவேற்புக்குப் போய் சாவிப் பலகை முன்னால் நின்றேன். கல்மேடையில் நீ கை பதித்த இடம் எது என்று எனக்குத் தெரியும். அங்கே என் கையை வைத்தேன்.

செல்வி நாற்காலியிலிருந்து எழுந்து, "எந்த ரூம் சாவிக்கா வேணும்?" என்றாள்.

"ஒண்ணும் வேணாம். நீ உக்காரு. எந்திரிக்காத" என்றேன். அதற்குள் முதுகு குலுங்க ஆரம்பித்துவிட்டது. எல்லாம் பேசி முடித்த பிறகுதான் அழுதேனடி, உன்னை மாதிரியே.